படகுல ஜிபிஎஸ், பிளாட்டர் மாட்டுறது: கேளுங்க, சொல்றேன்

வணக்கம். மொரீசியஸ் போர்ட் லூயிஸ்ல பாய்மரப் படகுகளுக்கு கரண்ட் வேலையும் எலக்ட்ரானிக்ஸ் வேலையும் பாக்குறேன். கோகோஸ், ரோட்ரிக்ஸ் வழியா வர்ற படகுங்க இங்க நின்னு தான் ரியூனியன் தீவு, தென்னாப்பிரிக்கா டர்பன்னு போகும், வர்றதுல நிறைய படகுல ஏதோ ஒண்ணு வேலை செய்யாம தான் வரும். ஜிபிஎஸ், பிளாட்டர் (சார்ட்டுல, அதாவது கடல் மேப்புல, படகு இருக்குற இடத்தைக் காட்டுற திரை), அதோட சேர்ற சாமான் பத்தி கேளுங்க. எஞ்சின் கேள்வி வேணாம்.

டர்பன் தம்பி: அண்ணே, 36 அடி படகு வாங்கியிருக்கேன். ஜிபிஎஸ் ஆன்டெனாவை மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) உச்சில வச்சா சிக்னல் நல்லா வரும்ல?

வேண்டாம் தம்பி. சாட்டிலைட் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, நீங்க 15 மீட்டர் மேல ஏத்துறதால எதுவும் கூடப்போறதில்ல. ஆனா நஷ்டம் உண்டு. படகு உருளும்போது மாஸ்ட் உச்சி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பல மீட்டர் ஆடும், ஆன்டெனா அதையும் படகு நகர்ந்ததா கணக்கு போட்டுக்கும், ஸ்பீடும் கோர்ஸும் நிலையில்லாம குதிக்கும். பழுதானா மாஸ்ட் ஏறணும், அதுவும் நடுக்கடல்ல.

பின்னாடி கம்பியில வைங்க, வானம் நல்லா தெரியுற இடமா. விஎச்எஃப் (கரையோட பேசுற ரேடியோ) ஆன்டெனாவுல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ராடார் வீச்சுக்கு நேரா வராம. இரிடியம் சாட்டிலைட் போன் இருந்தா அதோட ஆன்டெனாவையும் தள்ளி வைங்க, ஏன்னா ஜிபிஎஸ் வர்றது 1575.42 மெகாஹெர்ட்ஸ், இரிடியம் பேசுறது 1616-ல இருந்து 1626.5 வரைக்கும், ரெண்டும் பக்கத்து பக்கத்துல, போன் பேசும்போதெல்லாம் ஜிபிஎஸ் தடுமாறும். இன்னொண்ணு, டிங்கில (சின்னப் படகுல) இருந்து ஏறுறவங்க கை எதைப் பிடிக்கும்னு பாத்துட்டு மாட்டுங்க, ஆன்டெனா தண்டை கைப்பிடின்னு நெனச்சு பிடிச்சு உடைச்சவங்க அதிகம்.

டெக்குல ஓட்டை போடுறப்போ தான் ஜாக்கிரதை வேணும். நிறைய படகு டெக்குக்கு நடுவுல பால்சா கட்டை இருக்கும், அதுல தண்ணி இறங்குனா மெல்ல ஊறி டெக்கே அழுகிடும். கேபிளுக்கு வேணுங்கிறதை விட பெரிசா துளைச்சு, ஓரத்துல கட்டையைச் சுரண்டி எடுத்துட்டு, எபாக்ஸி பசை ஊத்தி இறுகவிட்டு, அதுக்கப்புறம் அதுக்குள்ள சரியான அளவுல துளைங்க. வெளிய கேபிள் நுழையுறதுக்கு முன்னாடி கீழ தொங்குற மாதிரி ஒரு வளைவு விடுங்க, தண்ணி அங்கயே சொட்டிடும்.

ரோட்ரிக்ஸ்ல இருந்து: எஞ்சின் ஸ்டார்ட் பண்ணா பிளாட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆகுது, பிளாட்டர் போச்சா?

பிளாட்டர்ல ஒண்ணும் இல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் நூத்துக்கணக்குல ஆம்ப் இழுக்கும், அந்த நொடி வோல்ட் விழும், பிளாட்டர் செத்துப் பொழைக்கும். ஸ்டார்ட்டருக்கு ஒரு பேட்டரி, மத்ததுக்கு வேற பேட்டரின்னு பிரிங்க. பிளாட்டருக்கு தனி ஃப்யூஸ், தனி வயர், அதுவும் வெள்ளீயம் பூசின காப்பர் வயர். வீட்டு வயர், கார் வயர் போடாதீங்க, உப்புக் காத்துல உள்ளயே கறுத்துப் போகும், வெளிய பாத்தா புதுசா இருக்கும். வோல்ட்டை பேட்டரில அளக்காதீங்க, பிளாட்டர் ஓடிட்டு இருக்கும்போது பிளாட்டர் முனையில அளங்க.

குவாட்ர் போர்ன் தம்பி: போன்ல நெட் இல்லாம நடுக்கடல்ல ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். மேப்பை மட்டும் கரையிலயே இறக்கி வைங்க.

செயின்ட் பியர், ரியூனியன் அக்கா: விஎச்எஃப்ல சிவப்பு பட்டன் இருக்கு, அதை ஜிபிஎஸ்ஸோட இணைக்கணும்னு சொல்றாங்க, அவசியமா?

அக்கா, இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி இது தான். அந்த பட்டனை அமுக்குனா உங்க எம்எம்எஸ்ஐ நம்பரும் (ரேடியோவுல படகோட அடையாள நம்பர்) படகு நிக்குற இடமும் ஒண்ணா போகணும். ஜிபிஎஸ் இணைக்கலைன்னா நம்பர் மட்டும் போகும், ஆபத்துல ஒரு படகு இருக்குன்னு க்ராஸ் ரியூனியனுக்கு (அங்க கடல் மீட்பு நிலையம்) தெரியும், எங்கன்னு தெரியாது. பழைய ரேடியோன்னா என்எம்இஏ 0183 (படகுக் கருவிங்க ஒண்ணோட ஒண்ணு டேட்டா பேசுற முறை), ரெண்டே ரெண்டு வயர், டேட்டா வேகம் 4800. ஏஐஎஸ்ஸோட (பக்கத்து கப்பல்களைக் காட்டுற கருவி) சேர்த்தா 38400, ரெண்டு பக்கமும் ஒரே வேகமா செட் பண்ணலைன்னா எதுவும் வராது. இணைச்சதும் ரேடியோ திரையில இடம் வருதான்னு பாருங்க, வந்தா தான் வேலை முடிஞ்சது. விஎச்எஃப் கரையோரத்துக்கு தான், தூரம் போனா எபர்ப் (சாட்டிலைட் வழியா ஆபத்து சிக்னல் அனுப்புற கருவி) கட்டாயம்.

டர்பன்: காத்து மீட்டர் ரீடிங் வருது, திடீர்னு காணாம போகுது. இணைப்பு என்எம்இஏ 2000 (புது முறை).

எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு டேட்டா வயர் ரெண்டுக்கும் நடுவுல ஓம் அளங்க. 60 கிட்ட வரணும், மெயின் கேபிளோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில சொருகுற ரெசிஸ்டர்) இருந்தா கணக்கு அது. 120 காட்டுனா ஒண்ணு கழண்டிருக்கு, 40 காட்டுனா யாரோ மூணாவதா ஒண்ணு சொருகியிருக்காங்க. கிளை கேபிள் 6 மீட்டருக்கு மேல போகக்கூடாது.

ரிச்சர்ட்ஸ் பே: பிளாட்டர் கோர்ஸும் காம்பஸும் 25 டிகிரி வித்தியாசம். ஜிபிஎஸ் பழுது தானே?

இல்லைங்க. உங்க பக்கம் காந்த விலகலே கிட்டத்தட்ட 25 டிகிரி மேற்கு. பிளாட்டர் நிஜ வடக்கைக் காட்டுது, காம்பஸ் காந்த வடக்கைக் காட்டுது. செட்டிங்ல ஒண்ணா மாத்திக்கோங்க. காம்பஸ் பக்கத்துல ஸ்பீக்கர் வைக்காதீங்க.

மாகேபூர்: நெட் இல்லாம டேப்லெட்ல ஜிபிஎஸ் வருமா?

மேல சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் கூட சொல்றேன், வைஃபை மட்டும் இருக்குற ஐபேட்ல ஜிபிஎஸ் சிப் கிடையாது, வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க.

டர்பன்ல இன்னொருத்தர்: பேப்பர் சார்ட்டெல்லாம் எதுக்குண்ணே? அமெரிக்காவே பேப்பரை நிறுத்திட்டாங்க. பிளாட்டர் ரெண்டு இருந்தா போதும்.

இதுக்கு நின்னு பதில் சொல்லணும். 2014 நவம்பர் 29, ராத்திரி, வோல்வோ ஓஷன் ரேஸ்ல (உலகம் சுத்துற பாய்மரப் போட்டி) டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு நம்ம செயின்ட் பிராண்டன் பாறையில ஏறுச்சு. மொரீசியஸுக்கு வடகிழக்க 400 கிலோமீட்டருக்கு மேல, கார்கடோஸ் கராஹோஸ்னு சார்ட்ல இருக்கும். உலகத்தின் சிறந்த மாலுமிங்க, சாமான் எல்லாம் முதல் தரம், ஜிபிஎஸ் ஒரு மீட்டர் கூட தப்பா காட்டலை. சார்ட்டை சின்னதாக்கி வச்சுப் பாத்தப்போ அங்க பாறை தெரியலை, ஆழம் போதும்ங்கிற மாதிரி தான் தெரிஞ்சது. பெரிசாக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆளுங்க எல்லாரும் பொழைச்சாங்க, அது கடவுள் புண்ணியம். அதனால போற வழி முழுக்க பெரிசாக்கி ஒரு தடவை தடவிப் பாக்காம கிளம்பாதீங்க. இதை என்கிட்ட வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்.

அதே ஆள்: அது ஜூம் தப்பு, பேப்பர் இல்லாத தப்பு இல்ல. பேப்பர் சார்ட்டும் தான் தப்பா இருக்கு. மடகாஸ்கர் பக்கம் பழைய சர்வே.

நீங்க சொல்றதுல பாதி சரி. பழைய சர்வே சார்ட் டபிள்யூஜிஎஸ் 84-க்கு (ஜிபிஎஸ் இடத்தைக் கணக்கு போடுற அளவு முறை) ஒத்து வராது, கரையே நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும். ஆனா பிளாட்டர்ல இருக்குற சார்ட் எங்கிருந்து வந்துச்சு? அதே சர்வேயில இருந்து தான். திரையில பளபளன்னு தெரியுறதால புதுசு ஆகிடாது. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்கா வேணும்னே சிக்னலைக் கெடுத்து வச்சிருந்தது, 100 மீட்டர் வரைக்கும் தப்பு வரும், அதனால அந்தக் காலத்துல பாறையை விட்டு நல்லா தள்ளிப் போனாங்க. இன்னைக்கு ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியம், கீழ இருக்குற சார்ட் அந்தத் துல்லியம் இல்ல, ஆனா ஆளுங்க ரெண்டையும் ஒண்ணா நம்பி பாறைக்குப் பக்கத்துலயே கோடு போடுறாங்க. இது தான் என் பயம்.

ரியூனியன் அக்கா: தம்பி, அப்போ பேப்பர் வேணுமா வேணாமா?

வேணும் அக்கா. முழு வழியும் ஒரே தாள்ல வர்ற சார்ட் ஒண்ணு, பென்சில், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புள்ளி. கரண்ட் போனா கடைசியா எங்க இருந்தோம்னு கையில இருக்கும். பிரிட்டன்காரங்களும் 2026-லயே பேப்பரை நிறுத்துறதா சொல்லி, எதிர்ப்பு வந்ததும் 2030 வரைக்குமாவது தள்ளி வச்சாங்க.

போர்ட் லூயிஸ்: பழைய ஜிபிஎஸ் 20 வருஷம் பின்னாடி தேதி காட்டுது, இடம் சரியா இருக்கு.

ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைக்கும் தான் எண்ணும், 2019 ஏப்ரல் 6 ராத்திரி பூஜ்யத்துக்கு வந்துச்சு. சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தா போடுங்க. இல்லைன்னா அதோட ஏத்த இறக்க நேரத்தை நம்பாதீங்க.

எந்த பிராண்ட் நல்லது?

உங்க ஊர்ல ரிப்பேர் பண்ண ஆள் இருக்குற பிராண்ட்.

போன்ல நெட் இல்லாம...

ரெண்டு தடவை சொல்லியாச்சு. மேல படிங்க.

பாம்பில்மூஸ் தம்பி: ரியூனியன்ல இருந்து டர்பன் போறேன். ஜிபிஎஸ்ல ஸ்பீடு வருது, தண்ணி ஸ்பீடு மீட்டர் தனியா வேணுமா?

அந்த வழிக்கு கட்டாயம் வேணும். ஜிபிஎஸ் காட்டுறது தரையை வச்சு, சின்னச் சக்கரம் போட்ட மீட்டர் காட்டுறது தண்ணியை வச்சு. தண்ணில 5 நாட், ஜிபிஎஸ்ல 9 நாட், தென்மேற்கா இழுக்குதுன்னா அகுல்யாஸ் நீரோட்டத்துக்குள்ள வந்துட்டீங்க. ஆள் சந்தோஷப்படுற நேரம் அது, ஆனா தென்மேற்கு காத்து எதிர்ல அடிச்சா 200 மீட்டர் ஆழக்கோட்டுப் பக்கம் அலை சுவர் மாதிரி எழும்பும், பெரிய கப்பலையே உடைச்சிருக்கு. பாரோமீட்டரைப் பாத்துட்டே இருங்க, காத்து மாறும்னு தெரிஞ்சா கரைப் பக்கமா அந்தக் கோட்டுக்கு உள்ள வந்துடுங்க. 200 மீட்டர் கோட்டை பிளாட்டர்ல இப்பவே கலர் மாத்தி வைங்க, ராத்திரி தேடக்கூடாது. சக்கரத்துல பாசி பிடிச்சா மீட்டர் கம்மியா காட்டும், கிளம்புறதுக்கு முன்னாடி கழட்டி பழைய பிரஷ்ஷால தேச்சுடுங்க.