சலரோகமும் தடுப்பூசியும்: பாமசியில் கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு 68 வயது. நீண்டகாலச் சலரோகம், ஆனால் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஃப்ளூ ஊசி தேவையா? (சுன்னாகம்)

தேவை. சீனி ஒழுங்காக இருந்தாலும், நீரிழிவு உள்ளவருக்கு இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ) வந்தால் அது நியூமோனியா வரை போகும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். காய்ச்சலே சீனியைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சாப்பாடு இறங்காத நேரத்தில் குளிசையை என்ன செய்வது என்ற குழப்பம் வேறு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஊசியை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். உடலில் பாதுகாப்பு உருவாக இரண்டு கிழமை பிடிக்கும், ஆகவே மாரி தொடங்குமுன் போட்டுவிடுங்கள். நியூமோனியாவை உண்டாக்கும் ஒரு பக்டீரியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். அது வருடாவருடம் போடுவதல்ல.

ஊசி போட்டால் சீனி கூடுமா? (கோப்பாய்)

ஓரிரு நாள் சற்றுக் கூடலாம். கை நோகும், சிலருக்கு இலேசாகக் காய்ச்சல் வருவதும் உண்டு. குளிசையையோ இன்சுலினையோ நிறுத்த வேண்டாம்.

தடுப்பூசி மருந்தைப் பாமசியில் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார் வைத்தியர். எப்படிக் கொண்டுபோவது? (சாவகச்சேரி)

முதலில் வைத்தியர் இருக்கும் நேரத்தை உறுதிசெய்யுங்கள், அப்புறம் வாங்குங்கள். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டி வேண்டாம். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைப்பதும் தவறு, உறைந்த ஃப்ளூ மருந்தை வீசத்தான் வேண்டும். ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றி, மருந்தை அதில் படாமல் வைத்து நேரே போங்கள்.

நான் சின்ன பாமசி ஒன்றில் மருந்தாளர். சலரோகக்காரரிடம் தடுப்பூசிப் பேச்சை எப்படி எடுப்பது? (நெல்லியடி)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். மாதாமாதம் அவர்களின் முகத்தைப் பார்ப்பவர் நீங்கள்தான். கிளினிக்கில் சீனி, பிரஷர், கால் புண் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும்.

சலரோகக் குளிசையான மெட்போர்மினை எடுத்துக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டனீங்களோ?" இல்லை என்றால் உடனே விலையைச் சொல்லாதீர்கள், விற்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஏன் போடவில்லை என்று கேட்டு, சொல்வதை முழுக்கக் கேளுங்கள். "ஊசி போட்டுத்தான் காய்ச்சல் வந்தது" என்பவருக்கு, அதில் உயிருள்ள வைரஸ் இல்லை என்று விளக்குங்கள். முன்பு ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவரை வைத்தியரிடம் அனுப்புங்கள். மற்றவர்களின் கிளினிக் கொப்பிக்குள் ஒரு துண்டு வையுங்கள்: "இன்ஃபுளுவென்சா, நியூமோகாக்கல் இன்னும் போடவில்லை." அதைக் கண்டால் வைத்தியரே பேச்சைத் தொடங்குவார்.

பிரித்தானியாவிலும் கனடாவிலும் மருந்தாளர்களே பாமசியில் ஃப்ளூ ஊசி போடுகிறார்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ பிள்ளைகள் உள்ள அம்மாவிடம், "மகனிட்டைக் கேட்டுப் பாருங்கோ" என்றால் போதும், நம்பிக்கை வந்துவிடும்.

நானும் அக்காவும் ஒரே குளுக்கோமீட்டரில் சீனி பார்க்கிறோம். பிழையா? (வேலணை)

விரலில் குத்தும் பேனையைப் பகிரவே கூடாது, ஊசியை மாற்றினாலும்கூட. அதில் ஒட்டும் இரத்தத்தால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றலாம். ஆளுக்கொரு பேனை வாங்குங்கள். மீட்டரையும் தனித்தனியாக வைத்திருப்பதே நல்லது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, வழக்கமாக ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை போடுவார்கள்.

எலிக்காய்ச்சலுக்கும் ஊசி உண்டா? (கரவெட்டி)

இங்கே அப்படி ஒரு ஊசி பழக்கத்தில் இல்லை. வயலில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க எடுக்கும் டொக்சிசைக்ளின் மருந்து பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். சலரோகக்காரர் காலில் கீறல், புண் இருக்கும்போது வெள்ளத்தில் இறங்கக் கூடாது.