பதில்: ஜப்பான் குழுவிடம் வரிச்சலுகைக்கு உறுதி கொடுக்கலாமா?

வணக்கம். பண்டாரவளைக்கு வரும் குழுவிடம் மாகாண சபை சார்பில் வரிச்சலுகை தருவதாகச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லாதீர்கள். அது கொழும்பின் கையில் இருக்கிறது. மத்திய அரசின் இலங்கை முதலீட்டுச் சபையிடம்தான் பேச வேண்டும். காணியும் அப்படித்தான். 2014 சட்டப்படி பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டார் பங்குள்ள கம்பனிக்குப் பொதுவாகக் காணியை விற்க முடியாது. குத்தகைக்குக் கொடுக்கலாம், உச்சம் 99 வருடம். மாகாணம் உண்மையில் தரக்கூடியது உள்ளூர் ஒத்தாசைதான்.

ஆனால் தேயிலை வாங்க வருபவர்களாக இருந்தால் முதல் கேள்வி களைகொல்லி எச்சம் பற்றியதாகவே இருக்கும். 2006 முதல் ஜப்பானில், தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு அனுமதிக்கும் எச்சம் 0.01 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் 0.01 பங்கு) மட்டுமே. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடை செய்த பின் இங்கே பலர் எம்.சி.பி.ஏ. என்ற வேறொரு களைகொல்லியை அடித்ததால் சிக்கல் வந்தது அதனால்தான். தொழிற்சாலைக்குச் சிறுதோட்டக்காரர் பலரின் கொழுந்து வருகிறதென்றால், ஒருவர் அடித்தாலே முழு லொட்டும் கெட்டுப்போகும். ஆகவே யாருடைய கொழுந்து, எந்தத் திகதி, கடைசியாக எப்போது என்ன மருந்து அடித்தார் என்ற பதிவேடு வையுங்கள். அனுப்பும் லொட்டிலிருந்தே மாதிரி எடுத்து ஆய்வுகூட அறிக்கை வாங்குங்கள். போன வருட அறிக்கையைக் காட்டிப் பயனில்லை. கொழும்பில் ஜெட்ரோ என்ற ஜப்பானிய வெளிநாட்டு வர்த்தக அமைப்பின் அலுவலகம் இருக்கிறது, குழு வருமுன் அங்கேயும் பேசிவிடுங்கள்.