ஈரமான காப்பர் பெர்குளோரேட்டை ஓவனில் வைக்கலாமா?

ஆய்வு மாணவர் ஒருவர் கேட்கிறார்: "அணைவுச் சேர்மம் (உலோக அயனியைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்த பொருள்) ஒன்று தயாரிக்க 0.5 மில்லிமோல் காப்பர் பெர்குளோரேட் வேண்டும். எங்கள் ஆய்வகத்து பாட்டிலில் உப்பு நசநசவென்று கட்டிபிடித்துக் கிடக்கிறது. 110 டிகிரி ஓவனில் ஒரு ராத்திரி வைத்து உலர்த்தலாமா? கூடாதென்றால் அதற்குப் பதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா?"

தயவுசெய்து ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பாட்டிலில் இருப்பது ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஹெக்சாஹைட்ரேட். அந்த இளநீல நிறமே தாமிர அயனியைச் சூழ்ந்திருக்கும் தண்ணீரால் வருவதுதான். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் போய் வெள்ளைப் பொடி மிஞ்சும் என்று பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. இந்த உப்பு அப்படி நடந்துகொள்ளாது. சுமார் 82 டிகிரியிலேயே தன் படிக நீரில் தானே உருகிவிடும். மேலும் சூடேற்றினால் தண்ணீரோடு சேர்ந்து பெர்குளோரிக் அமிலமும் வெளியேறும். மிஞ்சுவது கார உப்பு. அந்த அமில ஆவி, ஓவனில் யாரோ உலர வைத்த வடிதாளிலோ கரிமப் பொருளிலோ படிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பு ஈரமாக இருப்பது உண்மையில் பெரிய பிரச்சினையே இல்லை. எடை தவறும், அவ்வளவுதான். ஹெக்சாஹைட்ரேட்டின் மோலார் நிறை 370.5, அரை மில்லிமோலுக்கு 185 மில்லிகிராம். உப்பில் பத்து சதவீதம் ஈரம் கூடுதலாக ஏறியிருந்தால், அதே 185 மில்லிகிராமில் 0.45 மில்லிமோல்தான் இருக்கும். இதற்கு உலர்த்துவதைவிடச் சுலபமான வழி உண்டு. சுமார் 1.85 கிராம் எடுத்து மெத்தனாலில் கரைத்து 50 மில்லி ஆக்குங்கள். அதில் 5 மில்லியைத் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து, மியூரெக்சைடு நிறங்காட்டி போட்டு, தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் 0.02 மோலார் இ.டி.டி.ஏ.வால் டைட்ரேட் செய்யுங்கள். உப்பு சுத்தமாக இருந்தால் 25 மில்லி இறங்கும். 22.5 மில்லியிலேயே ஊதா வந்துவிட்டால், வினைக்கு 5 மில்லிக்குப் பதில் 5.6 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். டைட்ரேஷனில் காரத்தன்மைக்காகச் சேர்க்கும் அம்மோனியாவை மட்டும் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள்; கருநீலம் ஏறி முடிவுநிலை கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இனிமேலாவது கெட்டியாக மூடி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வையுங்கள். பழைய டெசிக்கேட்டர்களில் அடர் கந்தக அமிலம் ஊற்றி வைத்திருப்பார்கள். அது கூடவே கூடாது. பெர்குளோரேட் அதில் விழுந்தால் நீரற்ற பெர்குளோரிக் அமிலம் உருவாகும்; அது வெடிக்கக்கூடியது.

மயில்துத்தம் சரிவருமா? பெரும்பாலும் வராது. பெர்குளோரேட் அயனி உலோகத்தோடு ஒட்டிக்கொள்வதில் அக்கறை காட்டாதது. உங்கள் ஈனிக்கு (தாமிரத்தோடு பிணைய வேண்டிய மூலக்கூறுக்கு) தாமிரத்தின் இடங்களை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்கும். அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சல்பேட்டோ தானே வந்து பிணையும். அசிட்டோநைட்ரைலில் கரையவும் கரையாது. குளோரைடும் நைட்ரேட்டும் கரையும், ஆனால் ஈனியோடு இடத்துக்குப் போட்டிபோடும். நியாயமான மாற்று காப்பர் டெட்ராஃபுளோரோபோரேட் அல்லது டிரைஃபிளேட். கைடிடம் கேட்டு அவற்றில் ஒன்றை முயன்று பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஏனென்றால் உண்மையான ஆபத்து பாட்டிலில் இல்லை, நீங்கள் தயாரிக்கப்போகும் பொருளில் இருக்கிறது. பெர்குளோரேட்டில் குளோரின் +7 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. குளிர்ந்த, நீர்த்த கரைசலில் அது அசையாமல் கிடக்கும். அதை நம்பித்தான் எல்லோரும் அசட்டையாகிவிடுகிறார்கள். அணைவுச் சேர்மத்திலோ கரிம ஈனி எரிபொருள், பெர்குளோரேட் ஆக்சிஜனேற்றி. இரண்டும் ஒரே படிகத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது, அடுத்த மேஜையில் ஒருவர் உலர்ந்த படிகத்தைக் கண்ணாடி வடிகட்டியிலிருந்து எஃகு ஸ்பேட்டுலாவால் சுரண்டினார். பட்டென்று ஒரு சத்தம். வடிகட்டியின் விளிம்பு தெறித்துவிட்டது. கையில் கீறலோடு தப்பினார். எடுத்திருந்தது நூறு மில்லிகிராம்கூட இருக்காது.

ஆகவே தயாரித்த படிகத்தை ஒரு தடவைக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கையாள வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா, முகம் முழுக்க மறைக்கும் கவசம், நடுவில் தடுப்புக் கண்ணாடி. முழுக்க உலரவிடாமல் கரைப்பான் ஈரத்தோடேயே வையுங்கள். உருகுநிலை பார்க்கவே கூடாது. பெர்குளோரேட் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) போதும்: 1100 செ.மீ⁻¹ பக்கம் அகலமான ஒரு பட்டையும், 620 பக்கம் ஒரு கூர்மையான பட்டையும் வரும். 1100 பட்டை பிளவுபட்டால் பெர்குளோரேட் தாமிரத்தோடு பிணைந்திருக்க வாய்ப்புண்டு.

வேலை முடிந்ததும் படிகத்தை வடித்த வடிதாளைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். உலர்ந்த பிறகு ஒரு பொறி பட்டாலே பற்றும். பல தடவை தண்ணீரில் அலசுங்கள். அந்த நீரைத் தனி பாட்டிலில் சேர்த்து, "பெர்குளோரேட்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அசிட்டோன் கழிவு பாட்டிலில் ஒரு சொட்டுகூடச் சேர வேண்டாம்.