எட்டு நாளில் எவரெஸ்ட் அடிவாரமா?

நேபாள விசாவுக்குக் கொழும்பில் எங்கே விண்ணப்பிப்பது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

எங்கேயும் அலையத் தேவையில்லை. சார்க் நாட்டவரான நமக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். காத்மண்டு விமான நிலையத்திலேயே தருவார்கள்.

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அன்னபூர்ணா போகலாமா? (தெஹிவளை வாசகி)

அது அங்கே மழைக்காலம்: அட்டைக்கடி, மண்சரிவு, மேகம் மூடிய மலை. ஒக்டோபரில் போங்கள். ஆகஸ்ட்தான் முடியுமென்றால் லடாக் பாருங்கள், அங்கே மழை குறைவு. ஆனால் நீங்கள் போய் இறங்கும் லே நகரமே 3,500 மீற்றர். விமானத்தால் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் சும்மாதான்.

வருடா வருடம் சிவனொளிபாதமலை ஏறுகிறேன். லீவு எட்டு நாள்தான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு இடையில் வரும் ஓய்வு நாட்களை வெட்டலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

இதே கடிதம் ஊர் மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. வெட்டக்கூடாது. சிவனொளிபாதமலை 2,250 மீற்றர்கூட இல்லை. நடை தொடங்கும் லுக்லாவில் விமானம் இறங்கும் இடமே நம் பீதுருதாலகாலவைவிட 300 மீற்றர் உயரம். முகாம் 5,350க்கும் மேலே, அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பில் கிடைப்பதில் பாதி. இதற்கு உடல் பழக நாள் வேண்டும், தேகபலம் உதவாது. 3,000 தாண்டினால் தூங்கும் இடம் இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு. வழியில் நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் கூடுதலாகத் தங்குவது அதற்குத்தான், கடை பார்க்க அல்ல. தலையிடியோடு சத்தியும் வந்தால் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் உடனே இறங்குங்கள். லுக்லாவிலிருந்து போய்வர 12 நாள், விமானம் மேகத்தில் தடைப்பட்டால் இன்னும் இரண்டு. எட்டு நாள்தான் என்றால் அன்னபூர்ணாப் பக்கம் உள்ள பூன் ஹில் குன்றுக்குப் போங்கள்: 3,200 மீற்றர், அன்னபூர்ணாவும் தௌலாகிரியும் கண்ணெதிரே. மேலதிகாரியிடம் லீவு கேட்கக் கூச்சப்பட்டு மூளை வீங்கித் திரும்ப வேண்டாம்.

உயரத்துக்கு மாத்திரை இருக்கிறதாமே, எத்தனை போடுவது? (ஊர் இல்லை)

ஊரும் இல்லை, வயதும் இல்லை, வேறு என்ன வருத்தம் என்றும் இல்லை. அசெட்டசோலமைட்டைத்தான் கேட்கிறீர்கள் போலும். வழக்கம் 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முதல்நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதென்றால் தொடாதீர்கள். யாராயினும் டொக்டரைக் கேட்டபின்தான். மாத்திரை போட்டாலும் இரவுக்கு 500 மீற்றர் கணக்கு மாறாது.

பயணக் காப்புறுதி எடுத்துவிட்டேன், போதும்தானே? (வத்தளை வாசகி)

6,000 மீற்றர் வரை, ஹெலிகொப்டர் மீட்பு உட்பட என்று எழுத்தில் இருந்தால் போதும்.

தினமும் காலிமுகத்திடலில் நடக்கிறேன். வேறு பயிற்சி வேண்டுமா? (கொள்ளுப்பிட்டி வாசகர்)

திடல் தட்டை. ஏழெட்டுக் கிலோ பையோடு மாடிப்படி ஏறுங்கள், அப்புறம் லிஃப்டைத் தேடாமல் நடந்தே இறங்குங்கள். முழங்கால் வலிப்பது இறக்கத்தில்தான். மலைக்குப் போடப்போகும் சப்பாத்தையே இப்போதிருந்து போடுங்கள்.