கீழாநெல்லிப் பாத்தியில் சிவப்புக் கீழாநெல்லி: பிரிப்பது எப்படி?

கேள்வி: அரை ஏக்கரில் கீழாநெல்லி நட்டு 40 நாள் ஆகிறது. ஊடே தண்டு சிவந்த செடிகள் நிறையத் தெரிகின்றன. போன தடவை மூலிகை வியாபாரி கலப்பு என்று சொல்லி மூட்டைகளைத் திருப்பிவிட்டார். எதை வைத்து இனம் பிரிப்பது?

பதில்: தண்டின் நிறத்தை மட்டும் நம்பிப் பிடுங்கிவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் காய்ச்சலில் நிற்கும் நல்ல கீழாநெல்லிக்கும் அடித்தண்டு சிவக்கும். காய்தான் சாட்சி. ஒரு கிளையைப் பிடித்து அடிப்பக்கம் திருப்புங்கள். கீழாநெல்லியில் கடுகளவு காய், மெல்லிய காம்பில் தொங்கும்; தோல் வழவழப்பாக இருக்கும். சிவப்புக் கீழாநெல்லியில் காம்பே இல்லாததுபோல் காய் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். தோலில் சொரசொரவென்று பொரிகள் இருக்கும். காய்க்காத செடியென்றால் கைலென்ஸ் வைத்துப் பூவைப் பாருங்கள்: கீழாநெல்லிக்குப் புல்லிதழ் 5, சிவப்புக்கு 6. விதையிலும் வித்தியாசம் உண்டு. முன்னதில் வரிகள் நீளவாக்கில் ஓடும், பின்னதில் குறுக்காக ஓடும். அடுத்த முறை விதை வாங்கும்போதே இதைப் பார்த்துவிடலாம்.

வியாபாரி திருப்பியதில் நியாயம் இருக்கிறது. வாங்குபவர்கள் சோதிப்பது பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற இரண்டு மருந்துச் சத்துகளை. கீழாநெல்லியில், அதிலும் இலையில், இவை நன்றாக இருக்கும். சிவப்பில் பேருக்குக்கூடக் கிடைப்பது கடினம். ஒப்பந்தம் போட்டால் கீழாநெல்லியின் தாவரவியல் பெயரான 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்றே எழுதி வாங்குங்கள். பழைய நூல்கள் நம் செடியை 'நிரூரி' என்று குறித்திருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கச் செடி.

இப்போதே, காய் பச்சையாக இருக்கும்போதே, சிவப்பை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வரப்பில் போட்டால் முற்றிய காய்கள் காய்ந்து வெடித்து விதையைத் தெறிக்கும், பிடுங்கிய உழைப்பு வீண். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று வாருங்கள். முதல் சுற்றில் குட்டைச் செடிகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அறுத்ததை நிழலில், துணி விரித்து உலர்த்துங்கள். காயும்போது இலை உதிரும். உதிர்ந்த இலையையும் கூட்டி மூட்டையில் சேருங்கள். சரக்கின் மதிப்பே அதில்தான்.

மண்ணில் ஏற்கெனவே விழுந்த சிவப்பு விதைக்கு, அடுத்த நடவுக்கு முன் பாத்தியை ஒருமுறை நனைத்து விடுங்கள். முளைத்து இரண்டு இலை விட்டதும் மேலாகக் கொத்திவிட்டு, பிறகு நாற்று நடுங்கள். ஆழமாக உழுதால் அடியில் கிடக்கும் விதையெல்லாம் மேலே வந்து முளைக்கும்.