நாற்காலி ஒன்று, சம்பளம் வேறு

கேள்வி: வீடியோ கேம் நிறுவனங்கள் பெண்களைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்துவதாக அடிக்கடி செய்தி வருகிறது. இது உண்மையான மாற்றமா, பெயருக்குச் செய்வதா? (வாசகி, மதுரை)

பதில்: எல்லா நியமனங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆனால் நீங்கள் ஐயப்படுவதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு 2021-ல் பிளிஸார்டில் நடந்ததே போதும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை உருவாக்கிய இந்த அமெரிக்க நிறுவனத்தின் மீதும் அதன் தாய் நிறுவனத்தின் மீதும், பெண் ஊழியர்களுக்கு ஊதியத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டப்படுவதாகவும் பாலியல் தொல்லை நிலவுவதாகவும் குற்றம்சாட்டி, கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று அவ்வாண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே தலைவர் விலக, ஜென் ஓனீலும் மைக் இபாராவும் இணைத் தலைவர்களாயினர். பிளிஸார்டின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் முறை.

ஓனீல் திடீரென்று கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டவர் அல்லர். விகாரியஸ் விஷன்ஸ் என்ற ஸ்டுடியோவை நடத்திய அனுபவசாலி. ஆயினும் நவம்பர் தொடக்கத்திலேயே விலகல் அறிவிப்பு வந்துவிட்டது. அதே வேலையைச் செய்த இபாராவைவிட அவருக்குக் குறைவான ஊதியமே தரப்பட்டது என்பதும், சமமான ஊதியம் அவர் ராஜினாமா கொடுத்த பிறகே முன்வைக்கப்பட்டது என்பதும் பின்னர் ஊடகங்களின் வழியே வெளிவந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்த வேளையில், வழக்கில் சொல்லப்பட்ட குறையையே புதிய தலைவரிடமும் காட்டியிருக்கிறார்கள். இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை. 2023 டிசம்பரில் சுமார் 5.4 கோடி டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. பாலியல் தொல்லை பற்றிய குற்றச்சாட்டுகளை அரசுத் துறை கைவிட்டது. 2024-ல் ஜொஹானா ஃபேரிஸ் தலைவரானார், இம்முறை இணைத் தலைவர் என்று யாரும் இல்லாமல்.

கேள்வி: முற்காலத்தில் இத்துறையில் பெண் தலைவர்களே இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: இருந்தார்கள். ராபர்ட்டா வில்லியம்ஸ் யாருடைய நியமனத்துக்கும் காத்திருக்கவில்லை. கணவர் கென்னுடன் சேர்ந்து தாமே நிறுவனம் தொடங்கினார். எழுத்தை மட்டும் வாசித்து ஆடும் 'கொலோசல் கேவ்' என்ற விளையாட்டில் மூழ்கிப்போனவர், இதில் படங்களும் இருந்தால் என்ன என்று யோசித்தார். 1980-ல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த 'மிஸ்டரி ஹவுஸ்' அப்படிப் பிறந்ததுதான். கதையும் புதிர்களும் கோடுகளாலான எழுபது படங்களும் அவருடையவை, நிரல் கென்னுடையது. ஃபிளாப்பி வட்டையும் நகலெடுத்த குறிப்புத் தாளையும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு 24.95 டாலருக்கு விற்றார்கள். அந்தச் சிறு தொழில்தான் சியரா ஆன்-லைன் என்று வளர்ந்தது. 1984-ல் தொடங்கிய 'கிங்ஸ் குவெஸ்ட்' வரிசையின் வடிவமைப்பும் அவர் கையில்தான் இருந்தது.

1996-ல் நிறுவனம் வேறொருவருக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் ராபர்ட்டா துறையை விட்டே ஒதுங்கினார். 2023-ல் திரும்பி வந்தபோது அவர் முப்பரிமாணத்தில் புதிதாக உருவாக்கித் தந்தது 'கொலோசல் கேவ்' விளையாட்டைத்தான். வெளியிட்டதும் தம்பதியர் புதிதாகத் தொடங்கிய சொந்த நிறுவனமே.