கணைய அறுவைக்குப் பின் இரத்தக்கசிவு: மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்குக் கணையத் தலைப்பகுதியில் கட்டி, மஞ்சள் காமாலையும் இருக்கிறது. விப்பிள் அறுவைக்கு (கணையத் தலையையும் அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தநாளப் பகுதிகளையும் அகற்றுவது) முன்பே வைட்டமின் கே ஊசி போடுகிறார்களே, எதற்கு?

பதில்: கட்டி பித்தநாளத்தை அடைத்துவிட்டால் பித்தநீர் குடலுக்கு வந்து சேராது, கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் வைட்டமின் கே அப்போது குறைந்து, இரத்தம் உறைவதற்கான காரணிகளைக் கல்லீரலால் சரிவரச் செய்ய முடியாமல் போகும். ஊசிக்குப் பின் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) அளவு இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே அறுவைக்குச் செல்வது முறை. காமாலை என்றாலே பித்தநாளத்தில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்க வேண்டும் என்பதில்லை. எல்லோருக்கும் வழக்கமாக அப்படி வைப்பது சிக்கல்களைக் கூட்டுகிறது என்று 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. காய்ச்சலுடன் பித்தநாளத் தொற்று இருந்தாலோ, அறுவை தள்ளிப்போனாலோ அது வேறு கதை.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டையும் அறுவைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

பதில்: குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம், குளோபிடோக்ரெல் ஏறத்தாழ 5 நாட்களுக்கு முன் நிறுத்தப்படும். ஸ்டென்ட் அண்மையில் வைத்ததென்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அறுவை முடிந்து ஒன்பதாம் நாள், என் கணவரின் வயிற்றிலிருந்து நீரை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் சிறிது இரத்தம் வந்து தானாகவே நின்றுவிட்டது. பொருட்படுத்த வேண்டுமா டாக்டர்?

பதில்: வேண்டும் அம்மா, இதைப் படித்தவுடன் அறுவை செய்த மருத்துவக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் கசிவு பெரும்பாலும் அறுவையில் இரத்தக்குழாயைக் கட்டிய இடத்திலிருந்தோ உறைவுக் குறைபாட்டாலோ வருவது. அதற்குப் பின் வருவதன் வேர் பெரும்பாலும் கணையத்தைக் குடலோடு இணைத்த தையலில் ஏற்பட்ட கசிவாக இருக்கும். அங்கிருந்து வழியும் செரிமான நீரும் உடன் சேரும் தொற்றும் அருகிலுள்ள தமனியின் சுவரை, குறிப்பாக அறுவையில் வெட்டிக் கட்டப்பட்ட இரைப்பை-முன்சிறுகுடல் தமனியின் முனையை, அரித்துப் புடைக்கச் செய்கின்றன. அது வெடிப்பதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ முன்னதாக, பலருக்கு இப்படிச் சிறிதளவு கசிந்து நிற்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலையாக இருக்கும்போதே சி.டி. ஆன்ஜியோ (இரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தால், தொடை வழியே குழாய் செலுத்திக் ‘காயில்’ எனும் மெல்லிய கம்பிச்சுருளை வைத்து அடைக்கவோ உறை போர்த்திய ஸ்டென்ட் பொருத்தவோ வாய்ப்புண்டு. மீண்டும் வயிற்றைத் திறப்பதைவிட இதையே நான் விரும்புவேன். ஹீமோகுளோபின் குறையவில்லையே என்று காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்த எண் தாமதமாகவே இறங்கும்.

கேள்வி: அந்தத் தையல் கசிவை முன்கூட்டியே அறிய முடியாதா?

பதில்: டிரெயின் நீரில் அமிலேஸ் (கணையம் சுரக்கும் செரிமான நொதி) பார்ப்பது அதற்காகத்தான். மூன்றாம் நாளோ அதற்குப் பின்னரோ அது இரத்தத்துக்கான இயல்பு உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் கவனம் கூட வேண்டும்; அளவு குறைவாயிருந்தால் குழாயைச் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது. நெதர்லாந்தின் 17 மையங்களில், நோயாளியின் அறிகுறிகளையும் பரிசோதனை முடிவுகளையும் தினமும் ஒரு வரைமுறைப்படி சரிபார்த்து, உரிய நேரத்தில் சி.டி. எடுத்துச் சிகிச்சை அளித்தார்கள். தலையீடு தேவைப்பட்ட இரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தவர்கள் 14 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தனர் என்று 2022-இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்த பின் எதைக் கவனிப்பது?

பதில்: தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, திடீர் மயக்கம், குழாயோடு அனுப்பியிருந்தால் அதில் சிவப்பு. இவற்றில் எது வந்தாலும் இரவென்று பாராமல், ஆன்ஜியோ வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். அறுவைக் குறிப்பு அடங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும்.